வாடகை கார், வெளிநாடு, நாலு பெட்டி: சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி

சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குப் போய் நவக்கிரகக் கோயில்கள் சுற்றும்போது பெட்டியைப் பற்றி யாராவது கவலைப்பட்டிருக்கிறோமா? நாம் சூரியனார் கோயிலில் அர்ச்சனை முடித்து வரும்வரை டிரைவர் அண்ணன் வண்டியிலேயே இருப்பார். அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் ஸ்பெயினில் கார் எடுத்தோம். கடலைப் பார்க்க ஒரு மலை வளைவில் நிறுத்தி, 40 நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பினால், பின்பக்கச் சின்னக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அத்தையின் கைப்பை இல்லை. பாஸ்போர்ட்டும் பிரஷர் மாத்திரையும் அதில்தான் இருந்தன. காரைப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தோம்.

நாமே ஓட்டும் வண்டியில் டிரைவர் அண்ணன் கிடையாது. அவர் பார்த்துக்கொண்ட காவல் வேலையை யார் செய்வது என்பதை ஊரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பயணத் திட்டத்தைத் திருத்துங்கள்

இதுதான் முக்கியமான படி, இதைச் செய்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. காலையில் ரூமைக் காலி செய்து, வழியில் நாலு இடம் பார்த்து, ராத்திரி அடுத்த ஊரில் தங்குவது என்றுதான் நாம் எல்லோரும் திட்டம் போடுவோம், ஆனால் அப்படிப் போட்டால் மொத்தச் சாமானும் நாள் முழுக்கத் தெரியாத பார்க்கிங்குகளில் தனியாகக் கிடக்கும். அதனால் ஊர் மாறும் நாளை வேறாகவும் ஊர் சுற்றும் நாளை வேறாகவும் பிரித்துவிடுங்கள். ஊர் மாறும் நாளில் நேராக அடுத்த ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டியை இறக்கிவிட்டு, அப்புறம் சுற்றலாம். செக் இன் நேரம் ஆகவில்லை என்றாலும் பல ஹோட்டல்களில் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஐரோப்பாவின் பெரிய ரயில் நிலையங்கள் பலவற்றில் சாமான் வைக்க லாக்கர் உண்டு. ஸ்பெயினில் 'கான்சிக்னா' என்று போர்டு இருக்கும்.

வழியில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஒருவர் வண்டியிலேயே இருங்கள். முறை வைத்துப் போய் வாருங்கள். இது கொஞ்சம் சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்யுங்கள்.

படி 2: டிக்கியைப் பார்த்து வண்டி எடுங்கள்

நாலு பேர், நாலு பெரிய பெட்டி என்றால் சின்ன ஹேட்ச்பேக்கில் இரண்டு பெட்டி பின் சீட்டில்தான் உட்கார்ந்து வரும், வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அதுவே அழைப்பு. பெட்டியைக் குறையுங்கள், அல்லது பெரிய டிக்கி உள்ள வண்டியாக எடுங்கள். ஹேட்ச்பேக் என்றால் டிக்கியை மூடும் அட்டைத் தட்டு இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். டிக்கிக்குள் வைத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். சான்பிரான்சிஸ்கோ பக்கம் திருடர்கள் பின்பக்கச் சின்னக் கண்ணாடியை உடைத்து, சீட்டை மடக்கி டிக்கிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். நம் சொந்தக்காரர்கள் நிறைய பேர் இருக்கும் ஊர் என்பதால் சொல்கிறேன்.

படி 3: உடம்போடு இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆர்டிஓவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, கார்டுகள், மாத்திரை. இவை அவரவர் இடுப்புப் பையில், அவரவர் உடம்போடு இருக்கட்டும், ஒரே பையில் எல்லோருடையதையும் சேர்க்காதீர்கள். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலைக் குடும்பத்தில் இரண்டு பேர் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் சாதாரண எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது.

படி 4: நிறுத்தும் முன்னாலேயே மறைத்துவிடுங்கள்

நாங்கள் பெரிய தப்பு செய்தது இங்கேதான். அந்த வளைவில் நிறுத்திய பிறகுதான் அத்தையின் பையை எடுத்து டிக்கியில் வைத்தோம். யாரோ பார்த்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். டிக்கியில் வைக்க வேண்டியதை ஹோட்டல் வாசலிலேயே வைத்து மூடிவிடுங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறக்கவே கூடாது. போன் சார்ஜர், வாடகைத் தாள், ஜாக்கெட் எதுவும் கண்ணில் படக் கூடாது. ரிமோட்டை அழுத்தியதும் கதவை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா போன்ற இடங்களில் ரிமோட்டின் சிக்னலைத் தடுத்து, பூட்டாமலே போக வைப்பார்கள்.

படி 5: 'உங்கள் டயர் பஞ்சர்'

பார்சலோனா பக்கம் ஏபி-7 நெடுஞ்சாலையில் இது பழைய தந்திரம். பக்கத்து வண்டிக்காரர் டயரைக் காட்டிக் கை ஆட்டுவார். நாம் இறங்கி டயரைப் பார்க்கும்போது இன்னொருவர் மறுபக்கக் கதவைத் திறந்து பையை எடுத்துவிடுவார். பெட்ரோல் போட நிறுத்தும் இடத்தில் டயரை அவர்களே குத்துவதும் உண்டு. யாராவது கை காட்டினால் மெதுவாக ஓட்டி, ஆட்கள் நிறைய இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சாவியை எடுத்துக்கொண்டு, எல்லாக் கதவையும் பூட்டிய பிறகு டயரைப் பாருங்கள். நல்ல மனதோடு உதவ வருகிறவரும் இருப்பார், அவருக்கும் இதனால் ஒரு குறையும் வராது.

படி 6: போய்விட்டால்

எதையும் தொடும் முன் போட்டோ எடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அவசர எண் 112, அமெரிக்காவில் 911. கார்டுகளை உடனே முடக்குங்கள், வாடகை நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள், ஸ்பெயினில் அதை 'டெனுன்சியா' என்பார்கள். அது இல்லாமல் பயணக் காப்பீட்டில் பணம் கேட்பது வீண். வண்டியில் ஆளில்லாமல் விட்ட சாமானுக்குப் பல பாலிசிகளில் பணமே கிடையாது, அதனால் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். காருக்கான காப்பீடு நம் பெட்டிகளுக்குச் சேராது. அடிப்படைக் காப்பீட்டில் பல நேரம் கண்ணாடியும் சேராது.

பாஸ்போர்ட் போனால் புகார் நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். புதுப் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்க முடியாவிட்டால் அவசரச் சான்றிதழ் கேட்கலாம், ஆனால் அதை வைத்து இந்தியா திரும்ப மட்டுமே முடியும். பழைய பாஸ்போர்ட்டோடு விசாவும் போய்விட்டதால் அத்தையால் எங்களோடு பாரிஸ் வர முடியவில்லை. மாட்ரிட்டிலிருந்தே சென்னைக்குத் திரும்பிவிட்டார், துணைக்கு மாமாவும் போனார்.