கர்ப்ப காலத்தில் ஒற்றைத் தலைவலித் தடுப்பு மருந்து: நன்மை தீமையை எடைபோடும் முறை

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க நாள்தோறும் மாத்திரை எடுக்கும் பெண், கரு தரித்தது தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது, வெள்ளவத்தை பார்மசியில் வாங்கிய பெட்டியை எடுத்து, வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிப்பதாகும். ஆபத்தின் அளவு அந்தப் பெயரைப் பொறுத்தே பெரிதும் மாறுகிறது.

வல்ப்ரோயேட் என்றிருந்தால் அன்றைக்கே வைத்தியரைக் காண வேண்டும். எந்த மருந்தும் எடுக்காத தாய்மாரின் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குப் பிறவிக் குறைபாடு உண்டு. வல்ப்ரோயேட் எடுத்த தாய்மாரிடத்தில் அது ஏறத்தாழப் பத்தாகிறது. அத்துடன் நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகள் பேச்சிலும் கற்றலிலும் பின்தங்கக்கூடும். தலைவலிக்காக மட்டும் இதைத் தொடர்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் அதே மாத்திரை வலிப்புக்காகவும் தரப்பட்டிருந்தால், தானாக நிறுத்துவது தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். டொபிரமேட் உதட்டுப் பிளவுக்கும் குழந்தையின் எடைக் குறைவுக்கும் காரணமாகக் கூடியது. ஐரோப்பாவில் கர்ப்பிணிகளின் ஒற்றைத் தலைவலிக்கு அதைத் தருவது முன்பே தடுக்கப்பட்டிருந்தது; 2023இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் கட்டுப்பாடுகளை மேலும் இறுக்கியது. கன்டிசார்ட்டான் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

புரொப்பிரனலோல், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றின் நிலை வேறு. மிகவும் தேவைப்படுவோருக்கு வைத்தியர்கள் இவற்றைக் குறைந்த அளவில் தருவதுண்டு. புரொப்பிரனலோல் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கலாம், பிறந்த பின் நாடித்துடிப்பையும் இரத்தச் சீனியையும் தாழ்த்தலாம் என்பதால் கண்காணிப்பு வேண்டும்; ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. இதையும் ஒரே நாளில் விட்டுவிடாமல் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். தலைவலியோடு வரும் வாந்தியால் உடலில் நீர் வற்றிச் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் கிடப்பது கர்ப்பிணிக்குச் சிறிய விடயமல்ல. அதைப் பொறுத்துக்கொள்வதுதான் தாய்மை என்று சொல்பவர்களின் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டியதில்லை. எனினும் பலருக்கு, அதிலும் மாதவிடாயை ஒட்டித் தலைவலி வந்தவர்களுக்கு, நான்காம் மாதத்துக்குப் பிறகு அது தானாகவே தணிகிறது. ஆகையால் வலி வந்த நாட்களையும், வேலை கெட்ட நாட்களையும், விழுங்கிய பனடோலையும் (பரசிட்டமோல்) ஒரு கொப்பியில் குறித்து வந்தால், தடுப்பு மருந்து உண்மையில் தேவையா என்பதை அந்தக் கணக்கே காட்டும். வலி வந்தபின் எடுப்பவற்றில் முதலிடம் பனடோலுக்குத்தான். எர்கோட்டமின் கூடவே கூடாது. இபுபுரோபனை வைத்தியர் சொல்லாமல் எடுக்கக் கூடாது, 20 வாரத்துக்குப் பின் அறவே தவிர்ப்பது நல்லது.

கொழும்பில் சனல் செய்து (தனியாரிடம் முன்பதிவு செய்து) பார்க்கும் நரம்பியல் நிபுணர் எழுதியது கர்ப்பிணிக் கிளினிக் வைத்தியருக்குத் தெரியாமல் போவதுண்டு. மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கர்ப்பப் பதிவேட்டுடன் சேர்த்து வைத்து இருவரிடமும் காட்ட வேண்டும். 20 வாரத்துக்குப் பின் புதிதாக வரும் கடும் தலைவலியையும், பார்வை மங்கலுடனோ உயர்ந்த இரத்த அழுத்தத்துடனோ வருவதையும் பழைய வலியென்று எண்ணாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தைக்குத் திட்டமிடுவோர் இந்தக் கணக்கை முன்கூட்டியே பார்ப்பது மிக நல்லது. மூளையும் முள்ளந்தண்டு வடமும் உருவாகும் கருவின் நரம்புக் குழாய், கரு தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. பலர் கர்ப்பத்தை அறியும்போது அந்நாட்கள் கடந்திருக்கும். குடும்ப நல உத்தியோகத்தர் போலிக் அமிலம் தரும் அன்றே, தலைவலி மாத்திரையின் பெயரையும் அவரிடம் சொல்லிவிடலாம்.