நெஞ்செரிச்சலுக்கு என்பிஐ எண்டோஸ்கோப்பி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்டோஸ்கோப்பி கற்க வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் தலைமுறை பட்டுத் திருந்திய பிழைகளையே ஆண்டுதோறும் திரும்பச் செய்வதைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். என்பிஐ (நேரோ பேண்ட் இமேஜிங்) என்பது, குறிப்பிட்ட சில அலைநீள ஒளியை மட்டும் பாய்ச்சி ரத்தக்குழாய்களை எடுத்துக்காட்டும் எண்டோஸ்கோப்பி முறை. நோயாளி வெறும் வயிற்றில் வந்திருக்கிறாரா என்று கேட்பது போன்றவற்றை எவரும் மறப்பதில்லை என்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்தாமல் பார்ப்பது

பான்டோப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை 2 முதல் 4 வாரம் நிறுத்திய பிறகே அமில எதுக்களிப்பு (இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறுவது) உண்டா என்று பார்க்க வேண்டும். மருந்தால் புண் ஆறிவிட்ட உணவுக்குழாயில் எந்த நவீன ஒளியும் நமக்கு உதவாது. விழுங்கச் சிரமம், ரத்த வாந்தி, காரணமற்ற எடைக் குறைவு ஆகியவை இருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

கழுவாமல் ஒளியை மாற்றுவது

நுரையைக் கழுவிய பிறகே என்பிஐ ஒளிக்கு மாற்றும் பொத்தானை அழுத்துங்கள். என்பிஐ ஒளியில் பித்தநீர்கூட ரத்தம்போல் சிவந்து தெரியும்.

விரிந்த ரத்தக்குழாயைக் கண்டதும் நோய் என்று எழுதுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னைப் பொறுமையிழக்கச் செய்யும் தவறு இதுதான். என்பிஐ முறையில் 415, 540 நானோமீட்டர் அலைநீளங்களை ஒட்டிய ஒளி மட்டுமே சவ்வின்மீது விழுகிறது. அதை ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதால் மேற்பரப்பிலுள்ள நுண்குழாய்கள் பழுப்பாகவும், ஆழத்திலுள்ள நாளங்கள் நீலப்பச்சையாகவும் தெரிகின்றன. உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியை அருகில் சென்று பார்த்தால், சுருண்ட நூல்துண்டுகளைப் போல நுண்குழாய் வளையங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். எதுக்களிப்பு உள்ளவர்களிடம் இவை பெருகி, விரிந்து, முறுக்கிக்கொண்டிருப்பது உண்மைதான். ஆனால் நெஞ்செரிச்சலே இல்லாதவர்களிடமும் இதே தோற்றம் காணப்படுகிறது. எந்த அளவுக்கு மேல் விரிந்தால் நோய் என்பதில், ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு அனுபவசாலிகள்கூடப் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

முப்பதுகளில் இருந்த ஒரு பெண், வேறோர் இடத்தில் எடுத்த இத்தகைய படத்தோடும், 'எதுக்களிப்பு நோய் உறுதி' என்ற அறிக்கையோடும் வந்தார். மூன்று ஆண்டுகளாக இரட்டை அளவு மாத்திரை சாப்பிட்டும் எரிச்சல் குறையாததால், இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைக்கும் அறுவைக்கு நாள்கூடக் குறித்திருந்தார்கள். எங்கள் பயிற்சி மருத்துவரும் அதே வளையங்களைத் திரையில் பார்த்துவிட்டு, அதே வரியை எழுதத் தொடங்கினார். அவரைத் தடுத்து, மாத்திரையை நிறுத்தச் சொல்லி, உணவுக்குழாயில் அமில அளவைப் பதிவுசெய்யும் பி.எச். கேப்சூல் பொருத்தி 96 மணி நேரம் அளந்தோம். அமிலம் பட்ட நேரம் நான்கு நாள்களிலும் 4 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. அவர் எரிச்சல் என்று பதிவுக் கருவியின் பொத்தானை அழுத்திய வேளைகளுக்கும் அமிலம் மேலேறிய வேளைகளுக்கும் தொடர்பே இல்லை. அவருக்கு இருந்தது செயல்பாட்டு நெஞ்செரிச்சல், அதாவது அமில எதுக்களிப்பு காரணமல்லாத எரிச்சல். அந்த அறுவை நடந்திருந்தால் எரிச்சல் போயிருக்காது. விழுங்கும் சிரமமும் வயிற்று உப்புசமும் புதிதாகச் சேர்ந்திருக்கக்கூடும்.

எதுக்களிப்பு நோயை உறுதிசெய்வது பற்றி வல்லுநர்கள் 2018-இல் வெளியிட்ட லியோன் கருத்தொற்றுமையின் பிந்தைய திருத்தம் இதில் தெளிவாக உள்ளது. எண்டோஸ்கோப்பியை மட்டும் வைத்து உறுதி சொல்ல, உணவுக்குழாய்ப் புண்களை லேசான ஏ முதல் கடுமையான டி வரை தரம் பிரிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் வகைப்பாட்டின் பி, சி, டி தரப் புண்களோ, பயாப்ஸியில் நிரூபணமான பாரெட் மாற்றமோ (உணவுக்குழாயின் சவ்வு குடல் சவ்வைப் போல மாறுவது), அமிலத்தால் ஏற்பட்ட குறுக்கமோ வேண்டும். ஏ தரப் புண்ணே போதாது என்னும்போது, விரிந்த நுண்குழாய் எப்படிப் போதும்? அதைக் கண்டால் 'பி.எச். சோதனை தேவை' என்று எழுதுங்கள்; அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு பயாப்ஸி எடுக்காமல் விடுவது

சவ்வு சாதாரணமாகத் தெரிந்தாலும் இரண்டு மட்டங்களில் குறைந்தது 6 துண்டுகள் எடுங்கள். இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் சேர்வதால் வரும் அழற்சி கண்ணுக்குத் தப்பிவிடும்.

பாரெட் பகுதியில் அவசரப்படுவது

என்பிஐ உண்மையாகவே பயன்படும் இடம் இது; இங்கேதான் பலரும் வேகமாக வெளியே வந்துவிடுகிறார்கள். காற்றை மிகையாக நிரப்பினால் இரைப்பை மடிப்புகளின் உச்சி தட்டையாகி, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் எல்லை தவறிப் போகும். சிறிது காற்றை உறிஞ்சிவிட்டு மடிப்புகள் எழுந்த பின் அளவெடுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு நிமிடமாவது செலவிட்டு, ஒழுங்கு குலைந்த ரத்தக்குழாய் அமைப்பைத் தேடி, முதலில் அங்கே பயாப்ஸி எடுங்கள். அதன் பிறகு 2 சென்டிமீட்டருக்கு ஒருமுறை நான்கு திசைகளிலும் எடுங்கள். சி, டி தரப் புண் இருக்குமானால் 8 வாரச் சிகிச்சைக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும், ஏனெனில் பாரெட் மாற்றம் அந்தப் புண்ணுக்கு அடியில் மறைந்திருக்கக்கூடும்.