பிக்கப் வண்டிக்கு ராக் ஸ்லைடர்: சேர்வராயன் மலைப்பாதைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாறையில் இடிக்கும்போது வண்டியின் பக்கவாட்டு அடிவிளிம்பைக் காக்கும் இரும்புக் குழாயான ராக் ஸ்லைடரை வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இது: "இதன் அடியில் ஜாக் வைத்து வண்டியைத் தூக்கலாமா?" அவர் தயங்கினால், காட்டுவது ஸ்லைடர் இல்லை, ஏறி இறங்குவதற்கான சைடு ஸ்டெப். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் குழாய் என்ற அளவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஸ்டெப் ஓர் ஆளின் எடையைத் தாங்கினால் போதும். ஸ்லைடரோ, ஏறக்குறைய இரண்டு டன் வண்டியின் ஒரு பக்கத்தைச் சுமந்தபடி பாறைமேல் வழுக்கி நகர வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்தச் சுமையை மனதில் வைத்து எழுதியதுதான்.

படி 1: எந்தப் பாதையில் ஓட்டுகிறீர்கள்?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு போய்த் திரும்புவது மட்டும்தான் உங்கள் ஓட்டம் என்றால் ஸ்லைடர் தேவையில்லை. குப்பனூர் வழியாகப் போனாலும் அப்படித்தான். அந்தப் பணத்தை நல்ல டயருக்குச் செலவிடுங்கள்.

தார்ச்சாலையை விட்டு எஸ்டேட் மண்பாதையில் இறங்குகிறவர்கள், காப்பி மூட்டையும் மிளகும் ஏற்றி வருகிறவர்கள், மழைக்காலத்திலும் மலைத் தோட்டத்துக்குப் போயாக வேண்டியவர்கள் கட்டாயம் யோசிக்கலாம். சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் என்னும் கடினமான வகை. ஐப்பசி, கார்த்திகை மழை மண்ணை அரித்துக்கொண்டு போனதும் போன மாதம் சமமாக இருந்த இடத்தில் பாறை தலையை நீட்டும். கார் என்றால் முன்பம்பர் முதலில் இடிக்கும். பிக்கப்பில் அடிபடுவது பெரும்பாலும் நடுப்பகுதி. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்தான் காரணம். மூன்று கதவு மஹிந்திரா தார் ஜீப்பில் அது 2,450 மில்லிமீட்டர், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் 3,085, இசுசு வி-கிராஸ் பிக்கப்பில் 3,095. முன்சக்கரம் மேட்டைக் கடந்த பிறகு, பின்சக்கரம் அதில் ஏறும் முன், கதவுக்குக் கீழே உள்ள பாடி விளிம்பு பாறையில் உட்கார்ந்துவிடுகிறது. அந்த விளிம்பு நசுங்கினால் கதவு சரியாக மூடாது. தட்டி நிமிர்த்தவும் எளிதில் வராது.

படி 2: வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டார்ச்சும் அளவு டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் நீளமாக ஓடும் தடித்த இரும்புச் சட்டம்தான் சேஸிஸ். பாடி அதன் மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. வி-கிராஸ், ஹைலக்ஸ், பொலேரோ கேம்பர் எல்லாமே இப்படிப்பட்ட வண்டிகள். ஸ்லைடரின் கால்கள் சேஸிஸில் மட்டுமே பிடிக்க வேண்டும். பாடியை எங்கும் தொடக்கூடாது.

டீசல் டேங்க் எந்தப் பக்கம், சைலன்சர் குழாய் எந்தப் பக்கம், பிரேக் குழாயும் வயரிங்கும் சேஸிஸின் எந்த முகத்தில் ஓடுகின்றன என்று தாளில் வரைந்துகொள்ளுங்கள். தொழிற்சாலையிலேயே போட்ட காலி ஓட்டைகள் எங்கே உள்ளன என்றும் குறியுங்கள். பட்டறைக்குப் போகும்போது இந்தத் தாள் கையில் இருந்தால் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

படி 3: இரும்பைத் தேர்ந்தெடுங்கள்

1981-இல் உருக்காலை உற்பத்தி தொடங்கிய நாளிலிருந்து சேலத்துக்காரர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ஒரு தனி நம்பிக்கை. அந்த நம்பிக்கை நியாயமானதுதான். ஆனால் கடைகளில் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் சைடு பைப்புகள் பெரும்பாலும் 16 கேஜ், அதாவது 1.6 மில்லிமீட்டர் தடிமன், அல்லது அதைவிட மெல்லியவை. உலோகம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்தத் தடிமனில் பாறை பட்டால் குழாய் மடங்கிவிடும். அலுமினியம் எடை குறைவு. ஆனால் மென்மையானது என்பதால் பாறை அதைச் சுரண்டிப் பிடித்துக்கொள்கிறது, வழுக்க விடுவதில்லை. சாதாரண இரும்புதான், அதாவது எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) கருப்புப் பைப்புதான், என் தேர்வு. மலைமேல் எந்த வெல்டரும் அதைச் சரிசெய்துவிடுவார்.

ஒன்றரை அங்குலப் பைப்பின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர். பி கிளாஸ் என்றால் சுவர்த் தடிமன் 3.2 மில்லிமீட்டர், மீட்டருக்கு 3.56 கிலோ. சி கிளாஸ் என்றால் 4 மில்லிமீட்டர், 4.37 கிலோ. பைப்பில் நீலப் பட்டை இருந்தால் பி, சிவப்புப் பட்டை இருந்தால் சி. மஞ்சள் பட்டை ஏ கிளாஸ். அது ஸ்லைடருக்கு ஆகாது. பாறைமேல் உட்காரும் முதன்மைக் குழாய்க்கு சி கிளாஸையே கேளுங்கள். மீட்டருக்கு ஒரு கிலோகூட வித்தியாசம் இல்லை. செவ்வகக் குழாய் பிடித்திருந்தால் ஐஎஸ் 4923 என்னும் இந்தியத் தரத்தில் ஒய்எஸ்டி 310 வகை என்று கேட்டு வாங்குங்கள். நிரந்தரமாக வளையத் தொடங்கும் முன் அந்த இரும்பு தாங்கும் அழுத்தத்தைத்தான் 310 என்ற எண் மெகாபாஸ்கலில் சொல்கிறது.

துரு பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யச் சொல்லாதீர்கள். துத்தநாகம் எரிந்து வரும் புகை வெல்டருக்குக் கெடுதல், வெல்டிங் இணைப்பும் பலவீனமாகும். தயாராக விற்பதை வாங்குகிறீர்கள் என்றால் வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கொண்டுபோய், குழாயின் முனை மூடும் முன்பே தடிமனை அளக்கச் சொல்லுங்கள். நல்ல தயாரிப்பாளர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

படி 4: பிடிமானம்

பலர் குழாயைத் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நீங்கள் கால்களைப் பாருங்கள். ஒரு பக்கத்துக்குக் குறைந்தது மூன்று கால்கள். நான்கு கதவு வண்டிக்கு நான்கு இருந்தால் நல்லது. கால் சேஸிஸைத் தொடும் இடத்தில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் பிளேட் இருக்க வேண்டும். காலுக்கும் பிளேட்டுக்கும் இடையே முக்கோண முட்டு வைத்து வெல்டிங் செய்திருக்க வேண்டும். அந்த முட்டு இல்லாத கால், அடி விழும்போது வேரோடு மடங்கும்.

போல்ட்டா, வெல்டிங்கா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் போல்ட்டைத்தான் சொல்வேன். அடிபட்டால் கழற்றி நிமிர்த்தலாம். சேஸிஸில் சூடு படாது. டேங்க் பக்கத்தில் பொறி பறக்காது. போல்ட்டின் தலையில் அதன் வலிமைத் தரம் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத போல்ட் வேண்டாம். நட்டு, நைலான் வளையம் உள்ள லாக் நட்டாக இருக்கட்டும்.

புதிய ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்று பட்டறையில் சொன்னால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சேஸிஸின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் அதிக இழுவிசையும் அழுத்தமும் தாங்குபவை. அங்கே ஓட்டை விழுந்தால் பின்னாளில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்கள் யூ போல்ட் போட்டு சேஸிஸை அணைத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டையைத் தவிர்ப்பதற்கான அந்த அனுபவ அறிவை நம் பிக்கப்புக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பெட்டி வடிவ சேஸிஸின் குறுக்கே போல்ட் போகும் இடமானால், உள்ளே தடித்த குழாய்த் துண்டு ஒன்றை வைத்த பிறகே முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்க முறுக்கச் சட்டம் உள்ளே அமுங்கும். போல்ட்டும் சீக்கிரம் தளரும்.

படி 5: வடிவமும் இடைவெளியும்

பாடி விளிம்புக்கும் ஸ்லைடருக்கும் நடுவே ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் விடுங்கள். பாடி ரப்பர்மேல் அசையும், ஸ்லைடரும் சுமையில் சற்று வளையும். இரண்டும் மோதிக்கொள்ளக் கூடாது. அதே சமயம் ஸ்லைடர் சேஸிஸுக்குக் கீழே தொங்கவும் கூடாது. தொங்கினால் தரைக்கும் வண்டிக்கும் இருக்கும் இடைவெளியை நாமே குறைத்துக்கொள்கிறோம். வெளிப்புறம் சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது.

எஸ்டேட்டில் ஓட்டுகிறவர்கள் பின்முனை வெளியே வளைந்த வகையைக் கேளுங்கள். காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே திருப்பும்போது முன்பக்கம் தப்பிவிடும். பின்கதவும் பின்சக்கரத்தின் மேல் தகடும்தான் மரத்தில் உரசும். அந்த வளைவு மரத்தில் முதலில் பட்டு, வண்டியின் பின்பகுதியை வெளியே தள்ளிவிடும். ஆனால் அகலத்தில் பேராசை வேண்டாம். டயர்க்கோட்டைத் தாண்டி நீட்டாதீர்கள்.

படி 6: சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் தந்தவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. முன்பக்கக் கிராஷ் கார்டுகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே பணம் கட்டும் முன், ஸ்லைடர் போடலாமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வண்டிக்கு வாரண்டி இருந்தால் டீலரையும் கேளுங்கள். வண்டி நிறுவனமே தன் உதிரிப்பாகப் பட்டியலில் விற்பது இருந்தால் அதை முதலில் பரிசீலியுங்கள். ஆனால் ஜாக் கேள்வியை அவர்களிடமும் கேட்கத் தவறாதீர்கள்.

படி 7: பூச்சும் சோதனையும்

பவுடர் கோட்டிங் அழகு. பாறை சுரண்டிய இடத்தில் நீர் புகுந்தால் பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும், வெளியே தெரியாது. துருத் தடுப்பு பிரைமரும் அதன் மேல் கருப்பு பெயிண்டும் போதும். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் வீட்டிலேயே தொட்டுப் பூசலாம். குழாயின் முனைகளை முழுமையாக மூடச் சொல்லுங்கள்.

பொருத்தியவுடன், பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், ட்ராலி ஜாக்கை ஸ்லைடரின் நடுவில் கொடுத்து மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். அப்போது யாரும் வண்டிக்கு அடியில் இருக்கக் கூடாது. சக்கரங்கள் தரையை விட்டு எழும்போது பாடிக்கும் ஸ்லைடருக்கும் இடையிலான இடைவெளியில் உங்கள் விரல் நுழையுமளவாவது மிச்சம் இருக்க வேண்டும். இறக்கிய பின் அந்த இடைவெளி பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் கால்களோ பிளேட்டோ வளைந்துவிட்டன. அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், ஒவ்வொரு நட்டிலிருந்தும் பிளேட் வரை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் பாருங்கள். கோடு முறிந்திருக்கும் நட்டு தளர்ந்திருக்கிறது. அதை முறுக்கிவிட்டுப் புதிய கோடு போடுங்கள்.