கேமராவின் ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகத்தை பைத்தானில் இருந்து மாற்றுவது எப்படி?

ஒரே காட்சியை ஐந்தாறு ஷட்டர் வேகங்களில் எடுத்து ஒன்றாகச் சேர்க்க நினைத்தால் பெரிய எதிரி நம் விரல்தான். டிரைபாடில் வைத்திருந்தாலும் டயலைத் திருப்பும்போது கேமரா மயிரிழை அசைந்துவிடும், படங்கள் பொருந்தாது. யுஎஸ்பி கேபிளில் இணைத்து ஒரு சின்ன பைத்தான் நிரலிடம் வேலையை விட்டுவிட்டால் கேமராவைத் தொடவே வேண்டாம்.

இதற்கு ஜிபோட்டோ2 என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. கேனான், நிகான், சோனி என்று ஏராளமான மாடல்கள் இதில் இயங்கும். புதியவர் என்றால் லினக்ஸில் தொடங்குங்கள், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி இருந்தாலும் போதும். விண்டோஸில் நிறுவுவதே தனிப் போராட்டம்.

முதலில் கேமராவின் மோட் டயலை எம் என்ற மேனுவலுக்குத் திருப்புங்கள். தானாக அணையும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். அப்புறம் கேபிளைச் செருகி, டெர்மினலில் ஜிபோட்டோ2 கட்டளையை ஆட்டோ டிடெக்ட் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். மாடல் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பெயர் தெரிந்தும் அடுத்த கட்டளையில் -53 என்ற பிழை வந்தால் பயப்படாதீர்கள். கேபிளைச் செருகியதுமே லினக்ஸ் டெஸ்க்டாப் கேமராவை ஒரு டிரைவ் போலத் திறந்து பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃபைல் மேனேஜரில் அதை அன்மவுண்ட் செய்தால் சரியாகிவிடும்.

இப்போது பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் ஜிபோட்டோ2 பைத்தான் தொகுப்பை நிறுவி, நிரலில் ஜிபி என்ற சுருக்கப் பெயரில் இம்போர்ட் செய்யுங்கள். ஒரு கேமரா ஆப்ஜெக்ட் உருவாக்கி அதன் இனிட்டை அழைத்தால் இணைப்பு திறக்கும். அடுத்து கெட் கான்ஃபிக்; இனி நான் சொல்லும் ஃபங்ஷன் பெயர்கள் எல்லாமே சிறிய எழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடோடு வரும். கெட் கான்ஃபிக் கேமராவின் அத்தனை செட்டிங்கையும் கிளை கிளையாக, ஒரு மரம் போலத் தரும். அதில் கெட் சைல்ட் பை நேம் கொண்டு ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறன் செட்டிங்கை, எடுக்கலாம்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. மதிப்பை மாற்றும் முன் கெட் சாய்சஸை அழைத்து, கேமரா எவற்றை ஏற்கும் என்று அச்சிட்டுப் பாருங்கள். எல்லாமே ஸ்ட்ரிங், அதாவது எழுத்துச் சரங்கள்தான், அதனால் ஐஎஸ்ஓ 400 வேண்டுமென்றால் எண்ணாகக் கொடுக்காமல் மேற்கோள் குறிக்குள் '400' என்று கொடுக்க வேண்டும். கேனானில் '1/125' என்று இருக்கும் ஷட்டர் வேகம் பல நிகான் மாடல்களில் '0.0080' என்று தொடங்கி நொடிக்கான ஆங்கில எழுத்தோடு முடியும். லென்ஸின் துளை அளவுக்குப் பெயரே வேறு, கேனானில் அப்பர்ச்சர், நிகானில் எஃப் நம்பர். இணையத்தில் கிடைத்த நிரல் உங்கள் கேமராவில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ஆகவே பட்டியலில் இருப்பதை எழுத்து மாறாமல் அப்படியே எடுத்துப் போடுங்கள்.

செட் வேல்யூ கொடுத்ததுமே கேமராவில் மாறிவிடாது. அது கணினியில் இருக்கும் நகலை மட்டும்தான் மாற்றுகிறது. செட் கான்ஃபிக்கை அழைத்த பிறகுதான் கேமராவுக்குப் போகும்.

படம் எடுக்க கேப்சர். அது கோப்பின் ஃபோல்டரையும் பெயரையும் திருப்பித் தரும், அவற்றை ஃபைல் கெட்டிடம் கொடுத்து, கிடைத்த கோப்பை சேவ் மூலம் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் சில கேமராக்கள் இப்படி எடுத்த படத்தை மெமரி கார்டில் எழுதாமல் உள் நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். கார்டிலும் வேண்டுமென்றால் கேப்சர் டார்கெட் என்ற செட்டிங்கை மாற்றலாம்.

இனி சுழற்சிதான். '1/30', '1/60', '1/125', '1/250', '1/500' என்று ஒரு லிஸ்ட் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பை மாற்று, அனுப்பு, எடு, சேமி. நடுவில் -110 வந்தால் கேமரா இன்னும் முந்தைய வேலையில் இருக்கிறது என்று பொருள்; ஒரு நொடி காத்திருந்து மறுபடி முயலும்படி, பிழையைப் பிடிக்கும் பைத்தானின் டிரை, எக்ஸெப்ட் போடுங்கள். கடைசியில் இணைப்பை மூடும் எக்ஸிட்டை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள், அப்போதுதான் நிரல் பாதியில் விழுந்தாலும் இணைப்பு ஒழுங்காக மூடும்.

ஓடி முடித்ததும் படங்களின் எக்ஸிஃப் தகவலை, அதாவது கோப்பிலேயே பதிவாகும் கேமரா விவரங்களை, திறந்து ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். ஐந்திலும் ஒரே வேகம் இருந்தால் செட் கான்ஃபிக்கை சுழற்சிக்கு உள்ளே வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள், அதுவும் சரியென்றால் மோட் டயலைப் பாருங்கள்.