கவலையைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள்

படுக்கப் போகும் முன் "ஆண்டவரே, சமாதானம் தாரும்" என்று பொதுவாக ஜெபிக்காமல், அன்றைக்கு மனதை அரிக்கிற ஒரே ஒரு கவலையைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: மகளின் கல்லூரிக் கட்டணம், ஸ்கேன் ரிப்போர்ட், எதுவோ அது. கூடவே, அதே விஷயத்தில் இதுவரை கிடைத்த ஒரு நன்மைக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

பைபிளில் பிலிப்பியர் 4:6-7 காட்டும் வரிசை இதுதான்: விண்ணப்பம், ஸ்தோத்திரம், அப்புறம்தான் சமாதானம். அப்போஸ்தலன் பவுல் சிறைக்காவலில் இருந்தபடி எழுதிய கடிதம் அது. தேவசமாதானம் "காத்துக்கொள்ளும்" என்கிற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், படைவீரர் ஊரைக் காவல் காப்பதற்கும் வழங்கியது. பெயரில்லாத கவலைதான் ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும். எதை ஒப்படைத்தோம் என்று தெரிந்தால், அது திரும்பி வரும்போது "இதைக் கொடுத்தாயிற்று" என்று சொல்லிவிடலாம். (ஸ்தோத்திரத்தை விட்டால் ஜெபமே கவலைப் பட்டியலாகிவிடுகிறது, என் அனுபவத்தில்.)

யாரோடாவது மனஸ்தாபம் என்றால் இது உதவாது. அதற்கு மத்தேயு 5:23-24தான்; காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமே இல்லையென்றால் டாக்டரையும் பாருங்கள்.