குளிர்க்கடலில் சர்ஃபிங்: கரையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

மணல் கரைதானே, பெரிய ஆபத்து இருக்காது என்று நினைப்பதிலிருந்தே தவறுகள் தொடங்கிவிடுகின்றன. பாறை கிடையாது, பவளத்திட்டு கிடையாது, விழுந்தாலும் மணலில்தான் விழப்போகிறோம். புதிதாகப் பழகுகிறவர்களை மணல் கரைக்கு அனுப்புவதற்கும் இதுதான் காரணம். ஆனால் மேலே நிற்கும் தண்ணீர் 10, 12 டிகிரி செல்சியஸில் இருந்தால் கணக்கே வேறு. குளிர் முதலில் கைகளின் பிடியைப் பறிக்கும், அப்புறம் யோசிக்கும் திறனைப் பறிக்கும். அடியில் இருக்கும் மணலோ ஒரு புயல் அடித்தால் இடம் மாறிவிடும். ஆகவே எங்கே இறங்குவது, எங்கே கரையேறுவது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் உடம்பு உலர்ந்திருக்கும்போதே, கரையில் நின்றபடி முடிவு செய்துவிட வேண்டும். தண்ணீருக்குள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் கீழே வரும் பல தவறுகளுக்கு வேர்.

ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குவது

வண்டியை நிறுத்தி, கடலை ஒரு தடவை பார்த்து, "சின்ன அலைதான்" என்று சொல்லிக்கொண்டே உடை மாற்றுபவர்கள் அதிகம். தொலைவில் எங்கோ அடித்த புயலிலிருந்து கிளம்பி வரும் அலைகள் சீராக வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வரும். சர்ஃபர்கள் இதைச் செட் என்பார்கள். இரண்டு செட்டுகளுக்கு நடுவே பத்து நிமிடத்துக்கு மேலும் கடல் சாதுவாகக் கிடக்கலாம். அந்த நேரத்தில் பார்த்தவருக்குச் சின்ன அலைதான் தெரியும். குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கரையில் நின்று பார்க்காமல் அன்றைய கடலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முன்னறிவிப்பு பார்ப்பவர்களும் பெரும்பாலும் அலையின் உயரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே நொடிக்கணக்கில் ஓர் எண் இருக்கும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எடுக்கும் நேரம் அது. ஒரே உயரமுள்ள இரண்டு அலைகளில், 14 நொடி அலை கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் 7 நொடி அலையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாக்குறைக்கு, ஆழம் குறையும் இடத்தில் அது இன்னும் உயரமாக எழும்பும். 1 மீட்டர் என்று போட்டிருந்ததை நம்பி வந்தவர் தலைக்கு மேல் சுவர் எழுவதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

ஓதம் பார்ப்பதும் இதோடு சேர்ந்தது. கடல்நீர் ஏறும்போதும் வற்றும்போதும் ஒரே வேகத்தில் போவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டுமே ஏறக்குறைய பாதி நீர் ஏறிவிடும். வற்றிய நேரத்தில் மணல்திட்டின் மேல் நன்றாக உடைந்த அலை, ஏறிய நேரத்தில் திட்டைத் தாண்டி வந்து நேராகக் கரை விளிம்பில் படாரென்று விழலாம். காலையில் அருமையாக இருந்த இடம் மதியம் எலும்பை உடைக்கும் இடமாக மாறுவதற்குக் கடல் பெரிதாக வேண்டியதில்லை, நீர்மட்டம் மாறினால் போதும்.

அமைதியாகத் தெரியும் இடத்தில் இறங்குவது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மணல் கரையில் வரிசையாக வெள்ளை நுரை உடைந்துகொண்டிருக்கும்போது, நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் சற்றுக் கருத்துத் தெரியும். புதியவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடம். உண்மையில் அலைகள் கரைக்குத் தள்ளிய நீரெல்லாம் மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளம் அறுத்துக்கொண்டு கடலுக்குத் திரும்பும் வழி அது. ரிப் கரண்ட் என்று சொல்லப்படும் இழுப்பு இதுவே. பள்ளமாக இருப்பதால்தான் அங்கே அலை உடைவதில்லை. வேகம் வழக்கமாக நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் 2 மீட்டரைத் தாண்டும். அதை எதிர்த்து நீந்திக் கரை சேர யாராலும் முடியாது.

அகப்பட்டுக்கொண்டால் செய்யக்கூடாத முதல் காரியம் சர்ஃப் பலகையான போர்டைக் கழற்றிவிட்டு நீந்தத் தொடங்குவது. போர்டு மிதக்கிறது, நீங்கள் அதன் மேல் இருக்கிறீர்கள், குளிருக்காக உடம்போடு ஒட்ட அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டும் மிதக்க உதவுகிறது. இழுப்பு உங்களைக் கீழே இழுக்காது, கடல் பக்கமாகத்தான் கொண்டுபோகும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில், அலை உடையும் பக்கமாக, போர்டில் படுத்தபடி கைகளால் துடுப்பு போடுங்கள். உடையும் அலை இருக்கும் இடத்தில் திட்டு இருக்கும், அந்த நுரையே உங்களைக் கரைக்குத் தள்ளும். முடியவில்லை என்றால் போர்டின் மேலேயே படுத்துக் கையை உயர்த்தி உதவி கேளுங்கள். அனுபவசாலிகள் இதே இழுப்பை உள்ளே போவதற்கான வசதியான வழியாகப் பயன்படுத்துவதைப் பார்க்கலாம். அவர்களுக்குக் கரைக்குத் திரும்பி வரும் வழியும் தெரியும். அவர்கள் பின்னாலேயே போகும் புதியவருக்கு அது தெரியாது, சிக்கல் இதுதான்.

நேராகக் கடலுக்குள் இழுக்காத ஓட்டமும் உண்டு. கரையை ஒட்டியே பக்கவாட்டில் நகரும் நீர், பேச்சுக்கு நடுவே உங்களை நூறு இருநூறு மீட்டர் தள்ளிவிடும். நீண்ட மணல் கரையில் எல்லா இடமும் ஒன்றுபோலவே இருப்பதால் நகர்ந்தது தெரியாது. இறங்கும் முன் கரையில் ஒரு கம்பத்தையும் அதற்குப் பின்னால் ஒரு கட்டடத்தையும் ஒரே கோட்டில் குறித்துக்கொண்டால், கோடு விலகியதும் புரிந்துவிடும்.

உயிர்காப்பாளர்கள் இருக்கும் கரையில் கொடிகளைப் பார்ப்பதற்கு நேரமே ஆகாது. பிரிட்டன் கரைகளில் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவிலுள்ள பகுதி நீந்துகிறவர்களுக்கு. சர்ஃபர்களுக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டக் கொடிகள் நட்ட பகுதி.

வெயிலைப் பார்த்து வெட்சூட் எடுப்பது

கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாகக் குளிரும். வட அட்லாண்டிக்கில் கடல் மிகவும் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். ஏப்ரலில் இதமான வெயில் அடிக்கும்போது தண்ணீர் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும். செப்டம்பரில் நேர் எதிர், காற்று குளிரத் தொடங்கினாலும் கடல் இதமாக இருக்கும். வட கலிஃபோர்னியாவில் இன்னொரு வேடிக்கை. வசந்தத்திலும் கோடையிலும் அடிக்கும் வடமேற்குக் காற்று மேல்நீரைக் கடல் பக்கமாக நகர்த்த, ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வந்துவிடும். சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச்சில் கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் அலறுவதற்கு இதுதான் காரணம்.

வெட்சூட்டில் 3/2 என்றால் உடற்பகுதி 3 மில்லிமீட்டர், கைகால் 2 மில்லிமீட்டர். தோராயமாக 16 டிகிரிக்கு மேல் இது போதும். 12 முதல் 16 வரை 4/3, அதற்கும் கீழே 5/4, பூட்ஸ், கையுறை. 9 டிகிரிக்குக் கீழே 6 மில்லிமீட்டரும், தலையையும் காதையும் மூடும் தலைமூடியும் (ஹூட்) வேண்டும். எளிதில் குளிருகிறவர்கள் ஒரு படி தடிமனாகப் போவது நல்லது.

தடிமனைவிட முக்கியம் உடம்போடு ஒட்டியிருப்பது. உள்ளே புகும் தண்ணீரை உடம்பு சூடாக்குகிறது, அந்தத் தண்ணீர்தான் நம்மைக் காக்கிறது என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. காப்பது வெட்சூட் செய்யப்படும் நியோபிரீன் என்ற ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். உடம்பு உலர்ந்திருக்க வேண்டியதில்லை, உடையிலேயே குமிழிகள் இருந்தால் போதும் என்பதை 1950களின் தொடக்கத்தில் கண்டுகொண்டவர் பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். சரி, அப்படியானால் தொளதொள வெட்சூட் என்ன செய்கிறது? ஒவ்வொரு முறை விழும்போதும் புதிய குளிர்நீரை உள்ளே விட்டு, பழையதை வெளியே தள்ளுகிறது. இடுப்புக்குப் பின்னால் கைப்பிடி அளவு துணி சேர்ந்தால் அது உங்கள் அளவு இல்லை. உள்ளே பருத்தி டிஷர்ட் போடுவது குளிரைக் குறைக்காது, மடிந்து சேர்ந்து தோலைத்தான் உரசும். முதுகு ஜிப் உள்ளதை முன்பக்கம் வரும்படி மாட்டிக்கொண்டு வருபவர்களை எந்தக் கரையிலும் பார்க்கலாம். அதில் ஆபத்து இல்லை, சிரிப்பு மட்டும்தான்.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியே போகிறது என்ற பேச்சு தவறு. தலையின் பரப்பளவுக்கு ஏற்ற அளவுதான் போகும். தலைமூடி போடச் சொல்வதற்குக் காரணங்கள் வேறு. நெற்றியைப் பிளக்கும் வலி ஒன்று. காது இன்னொன்று, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஓடிப்போய்க் குதிப்பது

15 டிகிரிக்குக் கீழான நீர் திடீரென்று மேலே பட்டால் நம்மை அறியாமல் ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும், தொடர்ந்து மூச்சு இறைக்கும், இதயம் வேகமெடுக்கும். குளிர் அதிர்ச்சி என்பது இதுதான். அந்த முதல் மூச்சின்போது முகம் அலைக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். வெட்சூட் இதைக் குறைக்கும், முழுவதும் நிறுத்தாது. இரண்டு நிமிடங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதால் மருந்து எளிது: இடுப்பளவு நீரில் நின்று முகத்தில் தண்ணீர் தெளித்து, கழுத்து வழியே கொஞ்சம் உள்ளே விட்டு, மூச்சு சீரான பிறகு மேலே போகலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

தலை முன்னால் விழுவது

அலை எங்கே உடையும்? நீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்காகக் குறையும் இடத்தில். அதாவது 1 மீட்டர் அலை உடையும் இடத்தில் நெஞ்சளவு நீர்தான் இருக்கும். அலைக்கு முன்னால் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் இடத்தில் அதைவிடவும் குறைவு. அலை அடித்து இறுக்கிய மணல் சிமெண்ட் தரை மாதிரி. தலைகீழாகப் போய் அதில் முட்டினால் கழுத்தெலும்பு முறியலாம், தண்டுவடம் பாதிக்கப்படலாம். மணல் கரையில் நடக்கும் மிக மோசமான காயங்கள் இந்த வகைதான்.

விழுவதையும் பழக வேண்டும். பக்கவாட்டிலோ பின்பக்கமாகவோ, உடம்பைப் பரப்பித் தட்டையாக விழுங்கள். கால்களை விறைப்பாக நீட்டிக் குதிக்காதீர்கள். மேலே வரும்போது ஒரு கையால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், லீஷ் (போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறு) இழுத்த போர்டு உங்கள் தலைக்கு மேல்தான் திரும்பி வரும். கடைசியில் கரையேறும்போதும் இதே கவனம் தேவை. முழங்கால் ஆழத்தில் போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவே பிடித்தால், அடுத்த அலை அதை உங்கள் பல்லில் அடிக்கும். போர்டு எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

போர்டு பற்றிச் சில சில்லறை விஷயங்கள். தடித்த வெட்சூட் எடை கூட்டும், தோளைச் சீக்கிரம் களைக்க வைக்கும். கோடையில் ஓட்டியதைவிடக் கொஞ்சம் பருமனான போர்டு எடுங்கள். மெழுகும் நீரின் வெப்பத்துக்கு ஏற்ப மாறும். வெப்பக்கடல் மெழுகு குளிரில் இறுகி வழுக்கும். மெழுகு பூசிய பக்கத்தை மணலில் கவிழ்த்து வைத்தால் அன்றைய பிடிமானம் போச்சு. லீஷ் போர்டின் நீளத்துக்குக் குறையக்கூடாது.

"இன்னும் ஒரே ஒரு அலை"

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 என்ற கணக்கு உண்டு. பனி போலக் குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் பயன்படும்படி இயங்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். நல்ல வெட்சூட் இந்த நேரங்களை வெகுவாக நீட்டிவிடும். வரிசையை மாற்றாது. மூச்சு, பிறகு கை, பிறகு புத்தி.

கைகள் போவதற்குத் தெளிவான அடையாளம் உண்டு. துடுப்பு போடும்போது விரல்கள் ஒன்றுசேராமல் விரிந்து நிற்கும். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் உடனே கரைக்கு. நாக்கு குழறுவது, நடுக்கம் நிற்காமல் வருவது எல்லாம் அதற்கு அடுத்த கட்டம், அதை நீங்களே கவனிப்பீர்கள் என்று நம்ப முடியாது. அதனால்தான் துணையில்லாமல் போகக்கூடாது என்பதும், வெளியே வரும் நேரத்தைக் கரையிலேயே முடிவு செய்து கைக்கடிகாரத்தில் மணி வைக்க வேண்டும் என்பதும். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளில் இன்னும் முன்னதாகவே வந்துவிடுங்கள். அலை அழகாக நிற்கும், ஆனால் திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று.

வெளியே வந்ததும் முடிந்தது என்று நினைப்பது

கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் உடலின் உட்புற வெப்பம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஈர வெட்சூட்டோடு காற்றில் நின்று அலைக்கதை பேசுவதற்கு அது சரியான நேரம் இல்லை. மேலுடம்பை முதலில் துடைத்து உலர்ந்த உடை போடுங்கள், தலைக்குத் தொப்பி, இனிப்பான சூடான பானம். கடுமையாக நடுங்கும்போது நேராகக் கொதிக்கும் ஷவருக்குள் போனால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். மது அருந்தினால் சூடு வந்ததுபோல் தோன்றும், தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளிருக்கும் சூட்டை அது வெளியே அனுப்புகிறது. விரல்களில் உணர்வு திரும்பும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

காதுக்கு வருவோம். பல ஆண்டுகள் குளிர்நீரும் காற்றும் பட்டுக்கொண்டே இருந்தால் காதுத் துளையின் எலும்பு மெதுவாக உள்நோக்கி வளரும். வலி இருக்காது, அதனால் யாரும் கவலைப்படுவதும் இல்லை. துளை குறுகிய பிறகு தண்ணீர் உள்ளேயே தங்கும், அடிக்கடி சீழ் பிடிக்கும், காது மந்தமாகும். முற்றிய நிலையில் அறுவை சிகிச்சை செய்து அந்த எலும்பை உளியாலோ துளைக்கருவியாலோ எடுப்பார்கள். ஆறும்வரை வாரக்கணக்கில் கடல் பக்கம் போக முடியாது, அப்புறமும் பாதுகாப்பில்லாமல் இறங்கினால் மறுபடி வளரும். ஒலியை விட்டு நீரைத் தடுக்கும் காதடைப்பான்கள் சர்ஃபர்களுக்கென்றே கிடைக்கின்றன. தலைமூடியோடு அவற்றையும் முதல் குளிர்காலத்திலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள்.