முகப்பை நம்பி ஏமாற வேண்டாம்: பிரைட்டனின் ஜார்ஜிய வீடுகளில் நடக்கும் தவறுகள்

இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் கிழக்கே நடந்தால் ராயல் கிரெசன்ட் வரும். கடலைப் பார்த்து வளைந்து நிற்கும் 14 வீடுகள், 1798 முதல் 1807 வரை, அதாவது ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் ஆண்ட ஜார்ஜியக் காலத்தில் கட்டியவை. முகப்பு முழுக்கப் பளபளக்கும் கறுப்புச் செங்கல் என்றுதான் பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அது செங்கல் இல்லை, ஓடு. செங்கல் வரிசை போலவே தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்தி, இடுக்கில் சுண்ணாம்பு அடைத்திருக்கிறார்கள். இதற்கு மேத்தமேட்டிக்கல் டைல் என்று பெயர். சந்தேகம் வந்தால் வீட்டின் மூலையைப் பாருங்கள். பெரும்பாலும் ஓடு அங்கே முடிந்துவிடும், விளிம்பை மறைக்க ஒரு மரச்சட்டம் வைத்திருப்பார்கள்.

1784இல் வந்த செங்கல் வரிக்குத் தப்பவே இந்த ஓட்டைப் போட்டார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. ஓடுக்கும் அப்போது வரி உண்டு. வரி வருவதற்கு முன்பே இந்த ஓடும் உண்டு. அடைத்திருக்கும் ஜன்னலையெல்லாம், ஜன்னல் எண்ணிக்கையைப் பார்த்து அந்தக் காலத்தில் வசூலித்த ஜன்னல் வரியின் கணக்கில் எழுதுவதும் இப்படித்தான். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்திலேயே பொய் ஜன்னல் வைத்த வீடுகள் ஏராளம்.

கதையில் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. சுவரில் தவறினால்தான் வீடே போய்விடும்.

வெள்ளைப் பூச்சுக்கும் கறுப்பு ஓடுக்கும் பின்னால் இந்த ஊரில் பல இடங்களில் இருப்பது பங்கரூஷ். பலகைகளை நிறுத்தி, நடுவே சிக்கிமுக்கிக் கல், உடைந்த செங்கல், கூழாங்கல், மணல் எனக் கிடைத்ததையெல்லாம் சுண்ணாம்போடு கொட்டி இறுக்கிய சுவர். ஆணி அடித்தால் ஒரு இடத்தில் பாறை போல இருக்கும், ஒரு சாண் தள்ளி அடித்தால் மண்ணாக உதிரும். ஒரு ரப்பர் குழாயால் தண்ணீர் பீய்ச்சியே பாதி பிரைட்டனை இடித்துவிடலாம் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வதுண்டு. தண்ணீர் தேங்கினால் சுண்ணாம்பு கரைந்து சுவர் பிதுங்கும். முற்றிலும் காய்ந்தாலும் பொடியாகிவிடும். கொஞ்சம் ஈரத்தை வாங்கி, வந்த வழியே விட்டுக்கொண்டிருப்பதுதான் அதன் இயல்பு.

இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் பெரிய தவறு சிமென்ட் பூசுவது. சுவரில் விரிசல் தெரிந்ததும் "நல்ல கெட்டியா பூசிடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். பழைய சுவர் அசையும், சிமென்ட் அசையாது. மயிரிழை விரிசலில் மழை உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. அப்புறம் உள்பக்கம் உப்புப் பூக்கும். அதன்மேல் ஈரம் தடுக்கும் பெயின்ட் அடித்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் பொருந்தும்.

ஆனால் பழைய பூச்சு எல்லாமே சுண்ணாம்பு என்று எண்ணுவதும் தவறுதான். ரோமன் சிமென்ட் என்ற பழைய வகைச் சிமென்ட்டுக்கு ஜேம்ஸ் பார்க்கர் 1796இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கடற்கரை ஊர்களின் ஸ்டக்கோ, அதாவது வழவழப்பாகப் பூசிய முகப்புகளில் அதுவும் உண்டு, எண்ணெய் கலந்த பூச்சும் உண்டு. கை வைக்கும் முன் பழைய கட்டடம் தெரிந்தவரிடம் காட்டி, இருப்பது என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் சுவரையே சந்தேகித்துக்கொண்டிருக்க, கோளாறு கூரையில் இருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் கூரை தெரியாது, கைப்பிடிச் சுவர் மறைத்துவிடும். அதன் பின்னால் இரண்டு சரிவுகளுக்கு நடுவே ஈயத்தகடு போட்ட நீர்த்தாரை ஓடும். கடற்காகங்கள் அங்கே கூடு கட்டினால் தாரை அடைத்து, மழைத் தண்ணீர் நேராகச் சுவருக்குள் இறங்கும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். அதனால் குஞ்சுகள் பறந்துபோன பிறகு, இலையுதிர் காலத்தில் சுத்தம் செய்துவிட வேண்டும்.

ஜன்னலைப் பிடுங்கி யுபிவிசி என்ற பிளாஸ்டிக் ஜன்னல் போடுவது எனக்கு மனசு ஆறாத தவறு. மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் சாஷ் ஜன்னலின் பழைய மரம் மெதுவாக வளர்ந்த பைன், பராமரித்தால் இருநூறு ஆண்டு தாங்கும். ஜன்னல் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் பெயின்ட் ஒட்டியிருக்கும், அல்லது பக்கப் பெட்டிக்குள் எடையைத் தாங்கும் கயிறு அறுந்திருக்கும். இரண்டும் தச்சர் சரிசெய்யக்கூடிய வேலை. மேல் கதவைக் கொஞ்சம் இறக்கி, கீழ்க் கதவைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். சூடான காற்று மேலே போகும், கடல்காற்று கீழே வரும். ஈரமான வீட்டுக்கு அதுதான் வேண்டும்.

பக்கத்து ஊரான ஹோவில் பிரன்ஸ்விக் சதுக்கத்து வீடுகளுக்குப் பிடித்த நிறம் அடிக்க முடியாது. 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லோரும் ஒரே கிரீம் நிறம்தான் அடிக்க வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பட்டியலில் உள்ள வீட்டில், உள்ளே இருக்கும் படிக்கட்டையும் கணப்பு அடுப்பையும்கூட பட்டியல் கட்டடங்களுக்கான சட்டம் காக்கிறது. அனுமதியில்லாமல் வீட்டின் தன்மையை மாற்றுவது கிரிமினல் குற்றம். முன்பு இருந்தவர் செய்த மாற்றமாக இருந்தாலும், சரிசெய்யச் சொல்லி உள்ளூர் கவுன்சில் இப்போதைய உரிமையாளருக்கே நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குக் காலக்கெடுவும் இல்லை. வாங்கும் முன் அந்த அனுமதிக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.